கோழிதானே என்று விடாதீர்கள்!



மாங்காய்க்கு விலை கேட்கிறோம். பாலுக்கு விலை கேட்கிறோம். வாசலில் மேயும் நாட்டுக்கோழிக்காகவும் இப்போது கேட்கிறோம். சிலர் சிரிக்கலாம். அரிசி, பருப்பு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என்று பெண்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் புரட்டும் காசு, போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தையில் கோழி வித்த காசுதான்!

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் வீட்டுக்கோழிகள் சுமார் 31.7 கோடி. 2012-ஐ விட 46 சதவீதம் அதிகம். பண்ணைக்கோழி ஏறியது 4.5 சதவீதம்தான். அப்புறம் என்ன குறை என்பார்கள். தலைக்கணக்கு ஏறுகிறது, ரகம் கலைகிறது. அதுதான் குறை.

பெங்களூரு கிரிராஜா, ஐதராபாத் வனராஜா போன்றவை முட்டை கூடுதலாக இடும், சீக்கிரம் எடை போடும். மறுக்கவில்லை. ஆனால் அடைக்கு உட்காருவது குறைவு. அதன் குஞ்சும் தாயைப் போல் வராது. மறுபடியும் பொரிப்பகத்து வாசலில்தான் நிற்கணும். வீரிய விதையில் பட்ட பாடு மறந்துபோச்சா?

நம்ம பெருவிடையும் சிறுவிடையும் வருசத்துக்கு 60, 80 முட்டைதான் இடும். ஆனால் 21 நாள் அடைகாத்து, பருந்து வந்தால் இறக்கைக்குள்ளே இழுத்துக் காப்பாத்தும். விதையும் நம்மிடமே, பொரிப்பகமும் நம்மிடமே!

இதை அழிப்பது வெள்ளைக்கழிச்சல். வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலி. தடுப்பூசி இருக்கிறது. ஆனால் குப்பி 100 கோழிக்கு. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாகணும். ஆறு கோழி வைத்திருக்கும் அம்மா என்ன செய்வார்? பிப்ரவரி முகாம் முடிந்த பிறகு பொரித்த குஞ்சுக்கு யார் பொறுப்பு? தீவனத்தோடு கொடுக்கும் குருணை மருந்தை நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே கண்டுபிடித்திருக்கிறது. அது ஊத்தங்கரை குக்கிராமத்துக்கு வர எத்தனை காலம்?

எனவே கேட்கிறோம்:

1. ஊராட்சிதோறும் மாதம் ஒரு நாள் கோழித் தடுப்பூசி நாள். குருணை மருந்தும் வேண்டும்.

2. அரசின் குஞ்சு வழங்கும் திட்டத்துக்கு, உள்ளூர்ப் பெண்களிடம் முட்டையும் குஞ்சும் வாங்கு!

3. கலப்பினத்தை நாட்டுக்கோழி என்று விற்பதைத் தடு!

4. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஊர்ப் பதிவேட்டில் நம் கோழி ரகங்களை எழுது! மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம கோழிக்கு ஊர்ப் பதிவேட்டில் ஒரு வரி கூடவா கிடையாது?

அடுத்த கிராம சபையில் இந்த நாலையும் தீர்மானமாகப் போடுவோம். அந்த நகலோடு கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். தாய்மார்கள் முன்னால் நிற்கட்டும், கோழி அவர்கள் சொத்து!

திரண்டு வாரீர்!