என்ன ரேட் போகும் சார்?

ஆபீஸ் வேலையோடு சைடில் வீடு, மனை முடித்துக் கொடுக்கும் இளைஞரா நீங்கள்? அல்லது அதையே முழு நேரத் தொழிலாக எடுத்துக்கொண்டவரா? முதல் நாளே இந்தக் கேள்வி வரும்: "நம்ம வீடு என்ன ரேட் போகும் சார்?"

கேட்பவர் மனசில் ஏற்கெனவே ஒரு தொகை உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் ஐந்து லட்சம் கூட்டிச் சொல்லுங்கள், டிகிரி காபி வரும். குறைத்துச் சொன்னால், "வேற ஆள் பாத்துக்கறோம்" என்பார்கள். இந்தப் பயத்திலேயே பாதிப் பேர் வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறார்கள்.

விலை சொல்வது ஜோசியம் இல்லை சுவாமி, கணக்கு!

முதலில், பக்கத்துத் தெருக்களில் சமீபத்தில் விற்ற மூன்று வீடுகளைப் பிடியுங்கள். 'விற்ற' என்பதை அடிக்கோடிடவும். விளம்பரத்தில் போடுவது ஓனரின் ஆசை. வாங்கினவர் கொடுத்ததுதான் விலை. வில்லங்கச் சான்று போட்டால் எது எப்போது கைமாறியது என்று தெரியும். ஆனால் பத்திரத்தில் உள்ள தொகையை மட்டும் நம்ப வேண்டாம். மிச்சம் எந்தப் பையில் போனது என்று பத்திரம் சொல்லாது. வாங்கினவரையே விசாரியுங்கள்.

அரசாங்க வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கு. அது சந்தை விலை ஆகாது. 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. அதற்காக மறுநாளே எந்த மாம்பலத்துக்காரராவது மனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுத்திருப்பாரா? ம்ஹூம்!

அடுத்தது கூட்டல், கழித்தல். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் சதுர அடி 6,000 ரூபாய்க்குப் போயிருந்தால் மனை 72 லட்சம். மேலே 1,000 சதுர அடி வீடு, வயது 24. இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 ஆகும் என்றால் 25 லட்சம். வீட்டின் ஆயுள் 60 வருஷம் என்று கணக்குப் போட்டால் 40 சதவீதம் தேய்ந்துபோச்சு. மிச்சம் 15 லட்சம். ஆக, 87 லட்சம். விற்ற வீடு 30 அடி ரோட்டிலும், இது ஆட்டோ திரும்ப முடியாத சந்திலும் இருந்தால் இன்னும் குறையும். தாத்தா நட்ட மாமரத்துக்கும் பூஜை ரூம் கிரானைட்டுக்கும் ஓனர் தனி ரேட் கேட்பார். அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் சேர்க்காதீர்கள்!

கடைசியாக, ஒற்றைத் தொகை வேண்டாம். '85லிருந்து 89 வரை' என்று காரணங்களோடு எழுதிக் கொடுங்கள்.

ஒரு கோடி என்று காதில் பூ சுற்றினால் என்ன ஆகும்? ஆறு மாசம் போர்டு தொங்கும். "இவ்வளவு நாளா விக்கலையா? ஏதோ வில்லங்கம்டா" என்று தெரு பேச ஆரம்பிக்கும். கடைசியில் மனுஷன் 80க்குத் தள்ளிவிடுவார். உங்களுக்குக் கமிஷன் போனால் அடுத்த வீட்டில் பிடிக்கலாம். அவரோ அந்த ஒரு கோடியை நம்பி, பெண் கல்யாணத்துக்கு மண்டபம் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.