உம்மா வைத்த பெயரும் ஊரார் வைத்த பெயரும்



சென்ற விடுமுறையில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். எங்கள் கடைசி மகள் அவளது உம்மாவின் மடியில் சாய்ந்தபடி ஒரு சித்திரப் படம் பார்த்துக் கொண்டிருந்தாள். "இன்னமும் கார்ட்டூன்தானா மகள்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். திரும்பிப் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"வாப்பா, யானைக்குட்டிட உம்மாவக் கட்டிப் போட்டுட்டாங்க."

கடிந்து கொள்ள வந்தவன் பக்கத்தில் அமர்ந்தேன். அவளுடைய வேண்டுகோளின்படி படத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். அது வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1941ஆம் ஆண்டு வெளியிட்ட 'டம்போ' என்ற படம்.

மௌலவிக்கும் கார்ட்டூனுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே இரு சிறகுகள் கொண்ட ஒரு குதிரை இருந்ததையும், குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதையும், ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்தனவே என்று அன்னையவர்கள் பதில் சொன்னதையும், அதைக் கேட்டு நபியவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். உருவங்கள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. இசை பற்றியும் உண்டு. அவை தனியாகப் பேச வேண்டியவை. பிள்ளையின் கற்பனையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்வோம். ஏனெனில் இந்தப் படத்திலும் ஒரு யானை பறக்கிறது.

கதை மிகச் சிறியது. படமும் 64 நிமிடங்கள்தான். ஒரு சர்க்கஸ் கூட்டத்தில் நீண்ட காலம் பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு தாய் யானைக்கு ஒரு குட்டி கிடைக்கிறது. பக்கத்திலிருந்த பெண் யானைகள் சூழ்ந்து நின்று கொஞ்சுகின்றன. பெயர் என்ன என்று கேட்கின்றன. 'ஜம்போ ஜூனியர்' என்கிறாள் தாய். படம் முழுவதிலும் அவள் வாய் திறந்து பேசுவது இந்தப் பெயரை மாத்திரமே. அடுத்த கணம் குட்டி தும்முகிறது. மடிந்திருந்த காதுகள் விரிகின்றன. அவை அளவுக்கு மீறிப் பெரிய காதுகள். கொஞ்சிய வாய்கள் அப்படியே நகைக்கத் தொடங்குகின்றன. "ஜம்போ" என்ற பெயரின் முதலெழுத்தை மாற்றி "டம்போ" என்கிறாள் ஒருத்தி. ஆங்கிலத்தில் 'டம்' என்றால் ஊமை. மடையன் என்றும் பொருள். அன்று ஒட்டிய பெயர் கடைசி வரை போகவில்லை. படத்தின் தலைப்பே அந்தப் பட்டப் பெயர்தான்!

தாய் என்ன செய்கிறாள்? வாதாடவில்லை. குட்டியைத் தன்பால் இழுத்து, எந்தக் காதுகளைப் பார்த்து ஊர் சிரித்ததோ அதே காதுகளைப் போர்வையாக மடித்து அவனைச் சுற்றித் தாலாட்டுகிறாள். ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு தாயின் மனம் முழுவதும் சொல்லப்பட்டு விடுகிறது.

சகோதரிகளே, இதைத்தான் கலை என்கிறோம். இந்தக் குட்டியும் படம் முழுவதிலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்படியிருந்தும் அதன் வெட்கமும் பயமும் குதூகலமும் நமக்குப் புரிகின்றன. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 64 நிமிடங்களுக்குக் கணக்குப் பார்த்தால் 92,000 படங்களுக்கு மேல் வரும். கணினி உதவி இல்லாத அக்காலத்தில் அசைவுகளை எல்லாம் கையால் வரைந்தார்கள். ஆனால் கை வருந்தி வரைந்தால் மட்டும் சித்திரத்துக்கு உயிர் வந்து விடாது. பார்த்துப் பழகிய அன்பு அதில் இருக்க வேண்டும்.

இந்தக் குட்டியின் முக்கியமான காட்சிகளுக்கு அசைவு கொடுத்தவர் பில் டைட்லா என்ற கலைஞர். முந்திய ஆண்டு வெளிவந்த 'ஃபன்டேசியா' படத்தில் மலையுச்சியில் எழுந்து நிற்கும் பயங்கரப் பிசாசை இயக்கியவரும் அவரே. அப்படிப்பட்டவர் யானைக்குட்டியை வரைவதற்குத் தம் வீட்டில் ஓடித் திரிந்த சின்ன மகனையே கவனித்தார். அதனால்தான் குளிப்பாட்டும் காட்சியில் அந்தக் குட்டி நம் வீட்டுப் பிள்ளையாகவே தெரிகிறது. தண்ணீரைத் தெறிக்கிறது, தாயின் கால்களுக்கிடையே ஓடி ஒளிகிறது, பிடிபட்டதும் மகிழ்கிறது. "இது உங்கட மகள்தான்" என்று என் மனைவி சிரித்தார்.

அதன் பிறகுதான் அந்தத் துயரம். வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்கள் குட்டியின் காதைப் பிடித்து இழுத்துப் பரிகசிக்கிறார்கள். பொறுக்க முடியாமல் தாய் ஒருவனைப் பிடித்து அடிக்கிறாள். பைத்தியம் பிடித்த யானை என்று எழுதி வைத்து அவளைத் தனிக் கூண்டில் விலங்கிட்டு விடுகிறார்கள். இரவில் குட்டி அவளைத் தேடி வருகிறது. சங்கிலி இழுப்பதால் அவளால் ஜன்னலை நெருங்க முடியவில்லை. கம்பிகளுக்கூடாகத் தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டுகிறாள். அது காற்றில் தடவித் தடவிக் குட்டியைத் தேடுகிறது, கண்டதும் அணைக்கிறது, பிறகு தொட்டிலாக வளைந்து ஆட்டுகிறது. அதே நேரத்தில் மற்ற மிருகங்கள் தத்தம் குட்டிகளோடு நிம்மதியாக உறங்குவதையும் காட்டுகிறார்கள். என் மகளின் கண் கலங்கியது இந்த இடத்தில்தான். என் தொண்டையும் அடைத்தது.

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்து விட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. இதன் பிள்ளைகளைக் கொண்டு இதைத் துன்புறுத்தியது யார் என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி பணித்தார்கள். வாயில்லா ஜீவனின் சிறகடிப்பில் தாயின் துயரத்தை வாசித்த கண்கள் அவை. நல்ல சித்திரம் நமது கண்களையும் அந்த வழியில் கொஞ்சம் பழக்குகிறது.

இந்தப் படத்தில் குறைகளும் உண்டு. குட்டி அறியாமல் மது கலந்த நீரைக் குடித்து மயங்கும் காட்சி நீளமாக வருகிறது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்காமல் விட்டு விடக் கூடாது. இன்னொன்று பெரிய குறை. குட்டி பறக்க உதவும் காகங்களை அமெரிக்கக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பாணியில் சித்திரித்துள்ளார்கள். அவற்றின் தலைவனுக்குத் தயாரிப்பாளர்கள் இட்ட பெயர் 'ஜிம் குரோ'. அம்மக்களை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு வழங்கிய இழிபெயரும் அதுவே. பட்டப் பெயரின் கொடுமையைச் சொல்ல வந்தவர்களே ஒரு சமூகத்துக்குப் பட்டப் பெயர் வைத்தார்கள். மனிதன் இவ்வளவு பலவீனமானவன்.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "வாப்பா, அந்தக் குட்டிட சரியான பேரு என்ன?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னர்தான் கேட்டிருந்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போதுதான் என் நெஞ்சில் ஒரு முள் குத்தியது.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து கொள்வார். ஒரு நாள் வேடிக்கையாக "என்ன ஊமைத் தம்பி?" என்று கேட்டு விட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அதுவே அவர் பெயராயிற்று. சில மாதங்களின் பின் அவருடைய உம்மா வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, "புள்ளைக்கு நாங்க வெச்ச பேரு ஒண்டு இரிக்கு, மௌலவி" என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பிலும் சொன்னேன். ஆனால் வாயிலிருந்து போன பெயரை என்னால் ஊரிலிருந்து திருப்பி எடுக்க முடியவில்லை.

சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தை எத்தனையோ முறை ஓதிக் கொடுத்தவன் நான். பரிகாசத்தை ஆண்களுக்குத் தடுத்த அல்லாஹ், பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டு அவர்களுக்கும் தடுக்கிறான். பரிகசிக்கப்படுவோர் மேலானவர்களாக இருக்கக் கூடும் என்கிறான். பட்டப் பெயர் சூட்டுவதையும் அதே வசனத்தில் விலக்குகிறான். சிரிப்புக்கு இடமான அந்தக் காதுகளே பின்னர் குட்டியைப் பறக்க வைத்ததைப் பார்த்தபோது, ஓதிய வசனம் எனக்கு மீண்டும் பாடமாயிற்று.

ஆகவே சகோதரிகளே, பிள்ளைகள் படம் பார்க்கும்போது ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் விடாதீர்கள். சிறிது நேரமாவது கூட இருங்கள். "அந்தக் குட்டி ஏன் தலையைக் குனியுது? உம்மாட தும்பிக்கை என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். பேசாதவரின் மனதை வாசிக்கும் பழக்கம் அங்கே தொடங்கட்டும். பிறகு நம் வீட்டையும் திரும்பிப் பார்ப்போம். 'கறுப்பி', 'கட்டையன்', 'மக்கு' என்று செல்லமாகவோ கோபமாகவோ நாம் அழைக்கும் பிள்ளைக்கு, ஏழாம் நாளில் துஆவோடு சூட்டிய பெயர் ஒன்று உண்டு. இன்று இரவு சாப்பிடக் கூப்பிடும்போது அந்தப் பெயரை முழுமையாகச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மகளுக்கு நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. "ஜம்போ ஜூனியர்" என்று என் மனைவி சொன்னார். உம்மாமார் மறப்பதில்லை.