தர்மத்திற்கும் கணக்கு உண்டு

துன்புறும் தேசங்களுக்கு உதவி புரியும் பொருட்டுச் செல்வந்த தேசங்களில் தோன்றியிருக்கும் தர்ம ஸ்தாபனங்கள் பல. அவை ஆண்டுதோறும் திரட்டும் பணம் கோடி கோடியாகும். அப்பணம் யாருடைய பெயரால் திரட்டப்படுகிறதோ, அந்த ஜனங்களுக்கு அதைப் பற்றிக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டா என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி. உண்டு என்றே எல்லோரும் சொல்லுவர். ஆனால் அவ்வுரிமையைச் செலுத்துவதற்குரிய இடம் எது என்று விசாரித்தால் பதில் சொல்லுவோர் இல்லை.

கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி தேசத்தின் அனுபவத்தை எடுத்துக்கொள்ளுவோம். 2010-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி நேர்ந்த பூகம்பத்தில் அதன் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்து விழுந்தது. சுமார் பதினைந்து லட்சம் ஜனங்கள் வீடிழந்து வெளியில் நின்றனர். உலகம் மனமிரங்கியது. அமெரிக்காவில் சாமானிய ஜனங்கள் செல்பேசி மூலமாகவே பத்துப் பத்து டாலராக அனுப்பினார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒன்றுக்கு மாத்திரம் 48 கோடியே 80 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது.

பிறகு நடந்தது என்ன? 1,30,000 பேருக்கு மேல் வீட்டு வசதி அளித்துவிட்டதாகச் சங்கத்தார் பறைசாற்றினர். 2015-ல் புரோபப்ளிகா என்ற செய்தி ஸ்தாபனமும் அமெரிக்கப் பொது வானொலியும் விசாரித்துப் பார்த்ததில், சங்கத்தார் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறே ஆறு என்று வெளியாயிற்று. நாளடைவில் சிதைந்துபோகும் தற்காலிகக் கொட்டகையில் ஒதுங்கியவர்கள், சில காலம் வாடகைப் பணம் பெற்றவர்கள், சொந்த வீட்டைப் பழுதுபார்ப்பது எப்படி என்று வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் ஆகிய எல்லோரும் அந்த லட்சக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தனர். நில உரிமைத் தகராறுகளால் வீடு கட்ட முடியவில்லை என்பது சங்கத்தார் கூறிய சமாதானம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஹைட்டியில் பட்டாவுள்ள நிலம் கிடைப்பது அரிதே. ஆனால் அந்த உண்மையைப் பணம் கொடுத்தவர்களுக்கு அவர்களே முன்வந்து சொல்லியிருக்கலாகாதா? டாலருக்கு 91 சென்ட் வீதம் ஹைட்டிக்கே போகிறது என்று அவர்கள் கூறி வந்தார்கள். செனட்டர் சார்ல்ஸ் கிராஸ்லி விசாரணை நடத்தி 2016-ல் வெளியிட்ட அறிக்கையோ, ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு சங்கத்தின் உட்செலவுகளுக்கே போயிற்று என்றது.

தனி ஜனங்கள் கொடுத்த பணத்தின் கதி இது. சர்க்கார்கள் கொடுத்த நிவாரணப் பணத்தின் கதியும் வேறல்ல. ஐக்கிய நாடுகளின் விசேஷத் தூதர் காரியாலயம் 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 34 பங்கு கொடுத்த தேசங்களின் சொந்த இலாகாக்களுக்கும் ராணுவத்திற்குமே திரும்பியது. ஹைட்டி சர்க்காரின் கைக்கு வந்தது நூற்றுக்கு ஒரு பங்கு. ஒரு தேசத்தைக் கட்டியெழுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டு, அத்தேசத்தாரை வாசலிலேயே நிறுத்திவைப்பது எந்த விதமான உபகாரம் என்று கேட்கிறோம்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஊழியர்களின் துர்ப்புத்தி என்று நாம் கருதவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்துடன் உழைப்பவர்களே. கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. கடைக்காரன் கெட்ட சரக்கு விற்றால், வாங்குகிறவன் மறுநாள் அடுத்த கடைக்குப் போகிறான். தர்ம ஸ்தாபனத்திலோ காசு கொடுப்பவன் நியூயார்க்கில் இருக்கிறான். சரக்கைப் பெறுபவன் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருக்கிறான். சரக்கு கெட்டது என்பது பெறுகிறவனுக்குத் தெரியும். ஆனால் அவனைக் கேட்பார் இல்லை. ஆகவே கொடுப்பவனைத் திருப்தி செய்யும் கணக்கு ஒன்றே ஸ்தாபனத்திற்குப் போதுமானதாகிவிடுகிறது.

குற்றங்கள் மறைக்கப்படுவதற்கும் இதுவே காரணம். 2011-ல் ஹைட்டியில் ஆக்ஸ்பாம் ஊழியர் சிலர் ஒழுக்கக் கேடான காரியங்களில் ஈடுபட்டது ஸ்தாபனத்தின் விசாரணையிலேயே வெளியாயிற்று. சிலர் விலக்கப்பட்டனர்; சிலர் ராஜிநாமாச் செய்ய அனுமதிக்கப்பட்டனர். முழு விவரமும் உலகத்திற்குத் தெரிந்தது 2018-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான். தீங்கு ஹைட்டியில் நேர்ந்தது. நியாயம் கிடைப்பதற்கு லண்டன் பத்திரிகை ஒன்றின் தயவு வேண்டியிருந்தது.

நம் தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் ஒரு வழி காட்டுகிறது. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவின்படி, பொதுத் தர்மம் ஒன்றில் சம்பந்தமுள்ள இருவர் கோர்ட்டாரின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். கணக்குக் காட்டும்படி தர்மகர்த்தாவை நிர்ப்பந்திக்கலாம். தர்மகர்த்தா உத்தமரா அல்லவா என்பதல்ல அங்கே கேள்வி. பிறருக்கென்று வந்த பொருளைக் கையாளுகிறவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே நியாயம். கடல் கடந்து செய்யும் தர்மத்திற்கு மாத்திரம் இந்த நியாயம் செல்லாதா?

இப்படியெல்லாம் கிளறினால் கொடுக்கிற கையும் சுருங்கிவிடும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. கனடாவிலுள்ள எல்லைகளற்ற பொறியாளர் என்ற ஸ்தாபனம், தன் வேலைகளில் தோல்வியுற்றவற்றைத் தொகுத்து 2008 முதல் தானே அறிக்கை வெளியிடத் தொடங்கியது. அதனால் அது மதிப்பிழந்துவிடவில்லை. சோதித்துப் பார்ப்பதனால் விளையும் லாபத்திற்கும் உதாரணம் உண்டு. மலேரியாவைத் தடுக்கும் கொசுவலையை இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் மதிக்கமாட்டார்கள், சிறு விலையாவது வைக்க வேண்டும் என்று பலர் வாதித்தனர். கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபாஸ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அதைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். இலவச வலையை அறுபது சென்ட் விலைக்கு உயர்த்தியதும், கர்ப்பிணிகளில் அதைப் பெறுவோர் தொகை நூற்றுக்கு அறுபது அளவு குறைந்துபோயிற்று. இலவசமாகப் பெற்றவர்கள் அதைப் பயன்படுத்தாமல் எறிந்துவிடவும் இல்லை. தர்க்கம் செய்து தீராத விஷயம், பெறுகிறவர்களிடம் போய்ப் பார்த்ததும் தீர்ந்தது.

நிர்வாகச் செலவு குறைவாயிருப்பதே நேர்மைக்கு அடையாளம் என்று எண்ணுவதும் தவறு. கணக்கெழுதவும், பலனைச் சோதிக்கவும், புகாரை விசாரிக்கவும் பணம் வேண்டும். அச்செலவு நியாயமானது. அதை மறைப்பதே குற்றம்.

ஆதலால் நாம் வற்புறுத்துவன மூன்று. எந்த ஊரில் வேலை நடக்கிறதோ அந்த ஊராரின் பாஷையில், ஹைட்டியானால் கிரியோல் மொழியில், வரவு செலவும் பலனும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்; பணம் எத்தனை கை மாறினாலும் கடைசிக் கை வரையில் கணக்கு இருக்க வேண்டும். செலவைத் தீர்மானிக்கும் சபையில் அத்தேசத்தாருக்கு வாக்குள்ள ஸ்தானம் வேண்டும். புகார்களை விசாரிப்பவர்கள் ஸ்தாபனத்தின் சம்பளத்திற்கு உட்படாதவர்களாக இருக்க வேண்டும்.

நம் வாசகர்களிலும் இத்தகைய ஸ்தாபனங்களுக்குப் பொருளளிப்போர் இருக்கின்றனர். அளிப்பதை நிறுத்துமாறு நாம் சொல்லவில்லை. பணத்துடன் ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள்: பெற்றவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? அதற்குப் பதிலளிக்க இயலாத ஸ்தாபனம் தன் ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ளும் வரையில், உங்கள் பணம் பதிலளிக்கக்கூடிய ஸ்தாபனத்திற்குப் போகட்டும்.