கசவின் தங்கம் எழுத்துக்கு ஆகாது

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பாலராமபுரம். பாலராம வர்மா திருவிதாங்கூரை ஆண்ட 1798–1810 காலத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் இங்கே தறி போட்டன. வெளுக்காத பருத்தியின் பாலேட்டு நிறமும் கரையில் ஓடும் கசவுச் சரிகையும்தான் அந்தத் துணியின் அடையாளம். புவிசார் குறியீடும் அதற்கு உண்டு.

ஓணம் நெருங்கினால் தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலர் கேரள உடையான செட் முண்டைக் கைப்பேசியிலேயே தேடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். கசவுத் துணி விற்கும் இணையதளம் என்றால் பாலேட்டு நிறத்தில் பின்னணி, அதன் மேல் தங்க எழுத்து என்று வடிவமைப்பாளரின் கை தானாகவே போய்விடுகிறது. பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி களையாக இருக்கும். விலையும் திருப்பி அனுப்பும் விதியும் கண்ணில் படாது.

இது வெறும் ரசனைச் சண்டை அல்ல. கணக்குப் போட்டே காட்டலாம். உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாட்டை 1 முதல் 21 வரை அளக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். வடிவமைப்பாளர்கள் வழக்கமாக எடுக்கும் தங்க நிறத்தைப் பாலேட்டு நிறத்தின் மேல் வைத்தால் தேறுவது சுமார் 2. அதே பின்னணியில் அடர்ந்த அரக்குச் சிவப்பு 12-ஐத் தொட்டுவிடும்.

தமிழுக்கு இதில் கூடுதல் இழப்பு. மெல்லிய எழுத்துருவில், வெளிறிய நிறத்தில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. மத்தியான வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவருக்கு ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாது.

துணியில் அழகாக இருக்கும் தங்கம் திரையில் ஏன் சோபிக்கவில்லை? சரிகை உலோகப் பளபளப்பு கொண்டது. துணி அசைய அசைய வெளிச்சம் அதில் இடம் மாறும். அந்த மினுக்கத்தைத்தான் தங்கம் என்று கண் எடுத்துக்கொள்கிறது. திரையில் இருப்பதோ அசையாத மங்கல் மஞ்சள்.

பின்னணியைத் தூய வெள்ளையாக்கினாலும் தொல்லை தீராது. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப்பிரிவுத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரேலிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தார், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். வெள்ளைத் திரையில் வைத்த பாலேட்டு நிற முண்டுக்கும் அதே கதிதான். புதுத்துணி பழுப்பேறியது போலத் தோன்றும். லேசான சாம்பல் பின்னணி அந்தத் துணிக்கு நியாயம் செய்யும்.

தங்கத்தை விட்டால் அடையாளமே போய்விடும் என்பார்கள். தறியைப் பார்த்தாலே பதில் கிடைக்கும்: வழக்கமான முண்டு முழுக்கச் சரிகை ஓட்டுவதில்லை, கரையில்தான் ஓட்டுகிறார்கள். இணையதளத்திலும் தங்கம் தலைப்பகுதியின் ஓரக்கோடாக, சின்னத்தின் விளிம்பாக நிற்கட்டும். எழுத்து அரக்காகவோ கரும்பச்சையாகவோ இருக்கட்டும். ‘வாங்க’ என்ற பொத்தானுக்கு, இணையப் பக்கத்தில் வேறெங்கும் வராத ஒரு நிறம் போதும்.

இன்னொன்று, நிறத்தை மட்டும் நம்பிச் சேதி சொல்லக் கூடாது. கையிருப்பு உண்டு என்பதற்குப் பச்சைப் பொட்டு, இல்லை என்பதற்குச் சிவப்புப் பொட்டு என்று வைத்தால், சிவப்பு-பச்சை பிரித்தறியாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இந்தக் குறை பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். ஃபேஸ்புக் நீலமாக இருப்பதற்கு மார்க் சக்கர்பெர்க்கின் இதே குறைபாடு காரணம் என்று 2010-இல் செய்தி வந்தது. பொட்டுக்குப் பக்கத்தில் ‘இருப்பில் இல்லை’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகளின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான 4.5 என்ற வேறுபாட்டு அளவை ஏற்கெனவே கேட்கிறது. அரசுப் பணத்தில் இணையதளம் அமைக்கும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதிவிடலாம். வடிவமைப்பாளருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், விலை குறைந்த ஒரு கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடி போட்ட நெசவாளர் ஒருவரிடம் வெயிலில் நீட்டி விலையைப் படிக்கச் சொல்ல வேண்டும்.