ஜொகூருக்குப் போகும்போது கோல்ஃப் பையும் வரட்டுமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒரு ரகம் தவறாமல் இருக்கும். "ஜொகூர் பக்கம் குடும்பத்தோடு மூன்று நாள் போகிறோம். நடுவில் ஒரு சுற்று கோல்ஃப் ஆடலாம் என்று இருக்கிறேன். எந்தத் திடல் நல்லது?" கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். மேலாளரோ வாடிக்கையாளரோ ஆடுகிறார் என்பதற்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கி, பிறகு ஆட்டமே பிடித்துப்போனவர்கள். கேள்விக்குக் கீழே சிரிப்பு முகத்தோடு ஒரு வரியும் வரும்: "வீட்டில் இன்னும் சொல்லவில்லை."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. 18 குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டமான நாளில் ஐந்தையும் தாண்டும். முன்னால் பதிவு, பயிற்சிப் பந்து, பின்னால் குளியல், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் பகலில் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே நல்ல திடல் எது என்று தேடுவதற்கு முன், அந்த நேரத்தில் மனைவியோ கணவரோ, பிள்ளைகள், கூட வரும் அத்தை மாமா எல்லாம் எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள். இதற்குப் பதில் இல்லாத திடல், உலகத்தரம் வாய்ந்ததாக இருந்தாலும் உங்கள் விடுமுறைக்கு நல்ல திடல் இல்லை.

இந்தக் கணக்கில் டெசாரு முதலில் வருகிறது. 2011இல் செனாய்-டெசாரு நெடுஞ்சாலை திறந்ததிலிருந்து பாதை சுலபம். கோலாலம்பூரிலிருந்து கிளம்பினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் ஒரு ரோத்தி சானாய்க்கு நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும். அங்கே கடற்கரை, தங்கும் விடுதிகள், நீர்க்கேளிக்கைப் பூங்கா, கோல்ஃப் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. காலையில் நீங்கள் ஆடப் போனால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் திரும்பி வரும்போது அவர்களுக்குத்தான் உங்களைவிடக் கறுத்திருக்கும்.

டெசாரு கோஸ்ட்டின் எல்ஸ் கிளப்பில் இரண்டு திடல்கள். ஓஷன் திடலில் 27 குழிகள். கோஸ்ட், லேக்ஸ், ரிட்ஜ் என்று மூன்று ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த இரண்டு ஒன்பது உங்களுக்குக் கிடைக்கும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கடல் பார்க்க ஆசைப்பட்டு வந்து, கடலே இல்லாத பக்கம் ஆடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இன்னொன்று 18 குழிகள் கொண்ட வேலி திடல். தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ், விஜய் சிங்கின் ஆலோசனையோடு வடிவமைத்தது.

விஜய் சிங் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிஜித் தீவின் இந்திய வம்சாவளிக்காரர். 2004இல் டைகர் வூட்ஸைப் பின்னுக்குத் தள்ளி உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனவர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் நம் நாட்டில்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். சபாவின் கெனிங்காவிலும் சரவாக்கின் மிரியிலும் கோல்ஃப் மன்றங்களில் பயிற்சியாளர் வேலை. 1984இல் மலேசிய பிஜிஏ பட்டத்தை வென்றதும் அந்தக் காலத்தில்தான். டெசாரு திடலில் அவர் கை பட்டிருப்பதைப் பார்க்கும்போது, விளம்பரப் பலகையில் ஒட்டிய வெறும் நட்சத்திரப் பெயராக எனக்குத் தோன்றுவதில்லை.

ஆனாலும் வடிவமைத்தவர் பெயரைப் பார்த்துத் திடல் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பெரிய பெயர்கள் வரைந்த திடல்களில் பல, பெரிய ஆட்டக்காரர்களைச் சோதிக்க வரைந்தவை. வார இறுதியில் மட்டும் ஆடுகிற நமக்கு அது பந்து தொலைக்கும் திருவிழா. ஸ்கோர் அட்டையில் 'ஸ்லோப்' என்று ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். தேர்ந்த ஆட்டக்காரரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்தத் திடல் எவ்வளவு கூடுதலாகக் கஷ்டம் தரும் என்பதைச் சொல்லும் எண் அது. 55இலிருந்து 155 வரை போகும், 113 நடுத்தரம். ஒரே திடலில் கறுப்பு, நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஆட்டம் தொடங்கும் இடம் மாற மாற இந்த எண்ணும் மாறும். 130ஐத் தாண்டினால் முன்னால் உள்ள நிறத்துக்கு நகர்ந்துவிடுங்கள். நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், பந்து வாங்கிக் கொடுக்கப்போவது அவர்கள் இல்லை.

அடுத்தது மழை. இதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஆண்டிறுதி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். டெசாரு தென்சீனக் கடலைப் பார்த்த ஊர். அந்த மாதங்களில் கடலும் கொந்தளிக்கும், அதனால் பிள்ளைகளின் திட்டமும் சேர்ந்து கெடலாம். மேற்கே இஸ்கந்தர் புத்ரியில் உள்ள ஹொரைசன் ஹில்ஸ் திடலில் 2011 நவம்பரிலும் 2012 டிசம்பரிலும் இஸ்கந்தர் ஜொகூர் ஓப்பன் நடந்தது. ஒரு முறை யூஸ்ட் லைட்டன், மறுமுறை செர்ஜியோ கார்சியா வென்றார்கள். இரண்டு ஆண்டும் மழையால் நான்கு சுற்று ஆட்டத்தை மூன்றாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பியச் சுற்றுப் போட்டிக்கே அந்தக் கதி என்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு நேரம் எடுத்திருக்கும் நமக்கு என்ன நடக்கும்?

அதனால் காலை முதல் வரிசையில் இடம் கேளுங்கள். நம் ஊரில் இடியும் மின்னலும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வேலையைக் காட்டும். தொலைபேசியில் பேசும்போதே, மழையில் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா, மறுமுறை ஆடச் சீட்டு தருவார்களா, எத்தனை குழி ஆடினால் அந்தச் சலுகை போய்விடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் கொட்டியிருந்தால் பக்கி வண்டியைப் புல்லில் இறக்க விடமாட்டார்கள்; பாதையிலிருந்து பந்துக்கும் பந்திலிருந்து பாதைக்கும் நடந்தே கால் ஓய்ந்துவிடும். மூட்டுவலி உள்ள மாமாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் இதை முதலில் கேளுங்கள். அபாயச் சங்கு ஊதினால் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். 'இந்தக் குழியை மட்டும் முடித்துவிடலாம்' என்பதெல்லாம் வேண்டாம். திறந்தவெளியில் கையில் இரும்புக் கம்போடு நிற்கிறீர்கள்.

விலையும் கூட்டமும் கிழமையைப் பொறுத்தவை. ஜொகூரில் பல ஆண்டுகள் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இப்போது ஜொகூர்க்காரர்கள், கோலாலம்பூரிலிருந்து போகும் நாம், பாலம் கடந்து வரும் சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரே இரண்டு நாள். சிங்கப்பூரில் வீடமைப்புக்கும் ரயிலுக்கும் நிலம் தேவைப்பட்டு திடல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஜூரோங், ராஃபிள்ஸ் மன்றங்கள் போயின. பொதுமக்கள் ஆடிவந்த மரினா பே திடல் 2024 நடுவில் மூடியது. ஆடுகிறவர்கள் குறையவில்லையே, அவர்கள் தெற்கு ஜொகூருக்கு வருகிறார்கள். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாளைப் பிடியுங்கள். 'தள்ளுபடி' என்று பார்த்தால், பக்கி, காப்புறுதி, கேடி எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். (கேடி என்றதும் போலீஸ் பட்டியல் ஞாபகம் வரவேண்டாம். பை தூக்கி, வழி காட்டி, பந்து தேடித் தருகிற கேடி.)

ஜொகூர் பாருவில் தங்குகிறவர்களுக்கு மேற்குப் பக்கம் வசதி. ஹொரைசன் ஹில்ஸ் இருக்கும் வட்டாரத்தில்தான் லெகோலாந்தும் இருக்கிறது. இன்னும் தள்ளி கேலாங் பாத்தா பக்கம் போனால் ஃபாரஸ்ட் சிட்டியில் ஜாக் நிக்லஸ் வடிவமைத்த திடல். உறுப்பினர் அல்லாதவர்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். பெரியவர்கள் கூட வந்தால் நகரில் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இருக்கிறது, காலை அங்கேயே நன்றாகக் கழியும். கடைக்குப் போக வேண்டும் என்பவர்களை கூலாயில் உள்ள பிரீமியம் அவுட்லெட்டில் விட்டுவிட்டுப் போகலாம். அதில் மிச்சமாகும் நேரத்தைவிடச் செலவாகும் வெள்ளி அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தவை வேறு. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால், சிறு நகரங்களில் ஒன்பது குழி கொண்ட பழைய மன்றங்கள் இன்னும் சில இருக்கின்றன. அந்த ஒன்பதையே இரண்டு முறை சுற்றி வந்தால் பதினெட்டு. மாட்டுப்புல் தரை, தகரக் கூரை, சாப்பாட்டுக் கடையில் நாசி கோரெங். நம் ஆட்களுக்கு இந்த ஆட்டம் முதலில் தெரிய வந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டப்புறத்தில் தங்களுக்காக மன்றம் அமைத்தார்கள். புல் வெட்டியவர் நம் தாத்தா, பள்ளி முடிந்து வந்து பை தூக்கியவர் நம் பெரியப்பா. எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர்கள் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர்களாகி மலேசியாவின் பெயரைச் சொல்ல வைத்தார்கள். அமெரிக்காவின் எல்பிஜிஏ சுற்றுவரை போன கெல்லி டானும் ஜொகூரின் பத்து பகாட்டில் பிறந்தவர்தான்.

இந்தச் சின்னத் திடல்களில் கட்டணம் குறைவு, பெரும்பாலும் நடந்தே ஆடலாம். ஒன்பது குழி இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பசியாறும் நேரம் தாண்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல்முறையாக ஒரு கம்பைக் கையில் கொடுத்துப் பார்க்கவும் பின்னால் யாரும் அவசரப்படுத்தாத இந்த இடங்கள்தான் தோது. சிலவற்றுக்கு இணையப் பக்கம்கூட இருக்காது. ஊருக்குள் போய், காப்பிக்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள்.