முதலில் எழுவது யார்?

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பழமொழி. நம் ஆய்வுக்கூட மேசைமேல் கிடக்கும் உள்ளங்கை அகலப் பலகைக்கும் அது பொருந்தும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இறுதியாண்டு மாணவர் பலர் இன்று பில்ட்ரூட்டைக் கொண்டோ யாக்டோவைக் கொண்டோ தமக்கென ஒரு லினக்ஸைத் தாமே கட்டுகின்றனர். பாராட்டத்தக்க முயற்சி அது. ஆனால், நான் காண்பது என்ன? கருவியின் புரோகிராமை எழுத மாதக்கணக்கில் உழைக்கின்றனர். மின்விசை வந்ததும் அது தானே எழுவதற்குரிய ஏற்பாட்டையோ கண்காட்சிக்கு முந்திய இரவில் செய்கின்றனர். துவக்கக் கோப்பின் அடியில் ஒரு வரி. அதன் தலையில் 'ஸ்லீப் 10' என்று மற்றொரு வரி. பத்து வினாடியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை! இதனைப் பொறியியல் என்பதா, நேர்த்திக்கடன் என்பதா?

கெர்னல் எழுந்து, ரூட் கோப்பு முறைமையை ஏற்றியபின், தானாகத் தேடி எழுப்பும் புரோகிராம் ஒன்றே ஒன்று. அதுவே இனிட். அதன் எண் 1. அது கிட்டாவிடில் கெர்னல் மேற்செல்லாது நின்றுவிடும். நடுவழியில் அது மடிந்தாலும் கெர்னல் அதிர்ந்து நின்றுவிடும். ஏனைய புரோகிராம்கள் எல்லாம் அதன் வழிவந்தவையே. பெற்றோரை இழந்தவற்றுக்கும் அதுவே காப்பு. இத்துணைப் பொறுப்புள்ளதை நாம் கடைசி இரவுக்கு ஒதுக்குவது முறைதானா?

இனிட் என்றதும் நம் விடுதியில் பேச்சு வேறு திசையில் ஓடிவிடுகிறது. 2010இல் லெனார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைத் தொடங்கினர். 2014இல் டெபியன் குழு நெடிய வாதத்திற்குப்பின் அதனை ஏற்றது. 2015இல் வெளிவந்த டெபியன் 8 அதனோடு வந்தது. அன்று மூண்ட சைவ வைணவச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இச்சண்டையில் ஈடுபாடு இல்லை. எந்த இனிட் உயர்ந்தது என்பதன்று கேள்வி. நம் கருவி நம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. அவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதற் கேள்வி: எதன் பின் எது எழ வேண்டும்? பில்ட்ரூட்டில் இயல்பாக அமைவது பிஸிபாக்ஸ் இனிட். அங்கே துவக்கக் கோப்புகள் எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடுவே ஒன்று முடியாமல் நின்றுவிட்டால் பின்னுள்ளவை எழா. உள்நுழையும் வரியும் திரையில் தோன்றாது. சிஸ்டம்டியிலோ 'ஆஃப்டர்' என்பது வரிசையை மட்டும் குறிக்கும். 'ரிக்வயர்ஸ்' என்பது தேவையை மட்டும் குறிக்கும். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டுவிட்டு, "நேற்று ஓடியதே, இன்று ஏன் ஓடவில்லை?" என்று வியப்பவர் பலர்.

இரண்டாங் கேள்வி: விழுந்தால் எழுப்புவது யார்? பிஸிபாக்ஸின் இனிட்டேப் கோப்பில் 'ரீஸ்பான்' என்று எழுதினால், மடிந்த புரோகிராமை இனிட் மீண்டும் எழுப்பும். ஆனால் அப்புரோகிராம் தன்னைப் பின்னணிக்குத் தள்ளிக்கொள்ளலாகாது. தள்ளிக்கொண்டால், அது மடிந்ததென்றே எண்ணி இனிட் மேலும் மேலும் புதியனவற்றை எழுப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்டம்டியில் 'ரீஸ்டார்ட்' என்ற வரி உண்டு. எனினும் 10 வினாடிக்குள் 5 முறை எழுப்பியும் அது விழுந்தால், மேலும் எழுப்பாது கைவிடுவதே அதன் இயல்பான அமைப்பு. இதை அறியாதவரின் கருவி ஒரு நிமிடத்திற்குள் ஊமையாகிவிடும்.

மூன்றாங் கேள்வியே கடினமானது: விழாமலே உறைந்து நின்றால் அறிவது யார்? உயிரோடிருப்பதை இனிட் எழுப்பாது. அதற்கென்றே பல பலகைகளில் வாட்ச்டாக் என்னும் காவற்கடிகாரம் உண்டு. குறித்த காலத்துக்குள் அதைத் தொடாவிடில் பலகையை அது மறுபடி துவக்கிவிடும். பிஸிபாக்ஸோடு வரும் சிறு புரோகிராமிடம் அவ்வேலையை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாய் இருப்போர் உண்டு. தலைமைப் புரோகிராம் உறைந்து கிடக்கையிலும் அச்சிறியது கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். திருடனைக் கண்டும் குரைக்காத நாயை வளர்த்து என்ன பயன்? உண்மையில் வேலை செய்கிற புரோகிராமே தொட வேண்டும். அல்லது, சிஸ்டம்டியின் 'வாட்ச்டாக்செக்' வழியாகத் தன் நலத்தை அதுவே அறிவிக்க வேண்டும்.

இம்மூன்றுக்கும் விடை கண்டபின் தேர்வு எளிது. இரண்டு மூன்று புரோகிராம்களும் சிறிய நினைவகமும் உள்ள கருவிக்குப் பிஸிபாக்ஸ் போதும். ஒன்றையொன்று நம்பி நிற்கும் பல சேவைகள் இருப்பின் சிஸ்டம்டி தன் எடைக்குத் தக்க பயன் தரும். யாக்டோவில் 'இனிட் மேனேஜர்' என்ற ஒரு வரி; பில்ட்ரூட்டில் மெனுவில் ஒரு தேர்வு. பில்ட்ரூட்டில் மாற்றினால் பழைய கட்டடத்தைத் துடைத்து முழுவதும் மீண்டும் கட்ட வேண்டும். ஆதலின் இம்முடிவை முதல் வாரத்திலேயே எடுப்பது நலம். பலகையில் கையால் திருத்திய கோப்பு அடுத்த முறை கட்டுகையில் மறைந்துவிடும்; அதனை ஓவர்லே டைரக்டரியில் வைப்பதே முறை.

"மதிப்பெண்ணுக்காகச் செய்யும் கருவிக்கு இவ்வளவு தேவையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நாளை நாம் செய்யும் கருவி ஏதோ ஒரு சிற்றூரின் நீரேற்று நிலையத்தில் இருக்கும். அங்கே விசைப்பலகை இல்லை; திரை இல்லை; நம் விடுதித் தோழனும் இல்லை. மின்விசை மட்டும் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் அது தானே எழ வேண்டும். எழாவிட்டால் தொட்டியில் தண்ணீர் ஏறாது. குடத்தோடு நிற்பவள் வெறுங்கையோடு திரும்புவாள். அவளுக்கு நம் மதிப்பெண் எதற்கு?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வு நாளில் மாணவன் பேசத் தொடங்குமுன் மின்கம்பியைப் பத்து முறை பிடுங்கிச் செருகுங்கள். பத்து முறையும் எழுந்து நின்று தன் வேலையைச் செய்யும் கருவிக்கு முதல் மதிப்பெண் கொடுங்கள். பேச்சை அதன் பிறகு கேட்கலாம்.