போர்வையும் வாயிலும்

சாணக்யபுரித் தூதரகங்களின் நெடுமதில்களைக் கடந்தே நாள்தோறும் ஆய்வுக்கூடம் செல்கிறேன். அங்கே கண்ணாடிக் குடுவையில் ஓர் ஹெர்ட்மானியா; நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடலுயிர்.

பாறையில் ஒட்டி வாழும் அது, தன்னைச் சுற்றித் தானே ஒரு போர்வை நெய்துகொள்கிறது. செடிகொடிகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட செல்லுலோசு, இத்தகைய உயிர்களின் போர்வையில் இருப்பதை 1845-இல் ஷ்மிட் கண்டார். செத்த ஓடன்று அது. குருதி நாளங்கள் ஓடும் உயிர்ப்போர்வை! மனிதன் செல்லுலோசு நெய்வதில்லை. அவன் தோலின் புறத்தே கெரட்டின் நிறைந்த இறந்த அணுக்கள். அவை உதிர உதிர, அடியிலிருந்து புதியன எழுகின்றன. ஆக, இரண்டிலும் காப்பைப் படைப்பது உள்ளிருக்கும் உயிரே.

தில்லி வந்த புதிதில் தமிழன் என்று காட்டிக்கொள்ளக் கூசினேன். பின்னர், தமிழரையன்றிப் பிறரோடு பழக மறுத்தேன். இரண்டும் பிழை என்பேன் இன்று. போர்வையைக் களைந்தால் அவ்வுயிர்க்குக் காப்பில்லை. ஆனால் அப்போர்வையிலும் இரு வாயில்கள் உண்டே! ஒன்று நீரை உள்ளே ஏற்கும். மற்றொன்று வெளியே விடும். அவற்றை அடைத்தால் உணவேது, மூச்சேது?

தோழர்களே, நம் சங்கம் இன்னொரு மதிலாக வேண்டாம். அடுத்த கூட்டத்திற்கு ஆளுக்கொரு வேற்றுமொழி நண்பரை அழைத்து வருவோம். தமிழிலேயே பேசுவோம், அவர் மொழியையும் கேட்போம்.